பாடம் 9: முதலில் உடலைச் சூடாக்குவோம்

வெளியே பனி கொட்டியது. நிலாவும் தம்பி அகிலனும் கரப்பந்தாட்டப் பயிற்சிக்கு வந்தார்கள். விளையாட்டு மண்டபத்துக்குள் நுழைந்ததும் அகிலன் பந்தை எடுத்துக்கொண்டு வலையை நோக்கி ஓடினான்.

"பொறு தம்பி! முதல்ல உடம்பைச் சூடாக்கு."

"ஏன் அக்கா? 10 நிமிசம் வீணாப் போயிடும்."

"போன வருசம் நானும் இப்பிடித்தான் அவசரப்பட்டன். அடிச்ச முதல் பந்திலயே தோள் பிடிச்சிட்டுது. ரெண்டு கிழமை விளையாடேலாமல் போச்சு."

அகிலன் பந்தைக் கீழே வைத்தான்.

"குளிர்பெட்டியில இருந்து எடுத்த ரொட்டி மாவை உடனே இழுத்தால் பிஞ்சிடும். கொஞ்சம் பிசைஞ்சால் நல்லா இழுபடும். எங்கட தசையும் அப்பிடித்தான்."

இருவரும் இப்படிச் செய்தார்கள்:

1. மண்டபத்தை 3 முறை மெதுவாக ஓடிச் சுற்றினார்கள். இதயம் வேகமாகத் துடித்தது. தசைகளுக்குக் கூடுதல் இரத்தம் பாய்ந்தது.
2. கைகளை வட்டமாகச் சுழற்றினார்கள். பந்தை அடிக்கத் தோள் தயாரானது.
3. மணிக்கட்டையும் கணுக்காலையும் சுழற்றினார்கள்.
4. முழங்காலை மடித்து மெதுவாகத் துள்ளினார்கள். துள்ளி இறங்கும்போது கால்மூட்டுகள்தான் உடலின் பாரத்தைத் தாங்கும்.
5. பந்தை ஒருவருக்கொருவர் மெதுவாகத் தட்டினார்கள். விரல்களும் பழகின.

"அக்கா, எனக்கு வேர்க்குது! ஜாக்கெட் வேண்டாம்."

"சரி, இப்ப அடி பாப்பம்!"

பந்து வலையைத் தாண்டிப் பறந்தது.

பயிற்சி

அ. நிலா ஏன் இரண்டு கிழமை விளையாடவில்லை?
ஆ. தசையை நிலா எதற்கு ஒப்பிட்டாள்? ஏன்?
இ. எழுத்துத் தமிழில் எழுதுக: பிஞ்சிடும், வேர்க்குது, பாப்பம்.
ஈ. நண்பருடன் 5 பயிற்சிகளையும் செய்து பாருங்கள். ஒவ்வொன்றையும் தமிழில் சொல்லிக்கொண்டே செய்யுங்கள்.