ஷாக் மட்டும்தான் ஆபத்தா?

உங்கள் தெருமுனையில் இருக்கும் டி.வி., செல்போன் ரிப்பேர் கடையில் ஒரு ஐந்து நிமிஷம் நின்று கவனியுங்கள். சின்ன மேஜை. குனிந்த முதுகு. ஒரு கையில் சால்டரிங் அயர்ன், இன்னொரு கையில் போர்டு. ஈயக் கம்பி எங்கே என்கிறீர்களா? அது பல்லுக்கு நடுவில்! பக்கத்திலேயே பாதி குடித்த டீ கிளாஸ். "ஜாக்கிரதையா இருக்கீங்களா?" என்று கேட்டால், "ஷாக்கெல்லாம் நமக்குப் பழகிப் போச்சு சார்!" என்று சிரிப்பார்.

ஷாக் அடித்தால் உடனே தெரிந்துவிடும். கையை உதறிக்கொள்வோம், அடுத்த தடவை பயப்படுவோம். ஆனால், தெரியாமலே உடம்புக்குள் போகிற சமாசாரங்களும் அந்த மேஜையில் இருக்கின்றன. அவை கடையோடு நிற்பதில்லை, ராத்திரி வீட்டுக்கும் வருகின்றன. இந்த வேலையைச் செய்பவர் நீங்களா? இல்லை, உங்கள் கணவரா, மகனா? யாராக இருந்தாலும் இது உங்களுக்குத்தான்.

புகையில் இருப்பது என்ன?

சால்டர் வைக்கும்போது எழும் வெள்ளைப் புகையை 'ஈயப் புகை' என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. தகரமும் ஈயமும் கலந்த கம்பி சுமார் 183 டிகிரி செல்சியஸில் உருகும். அயர்ன் முனையின் சூடு 300 முதல் 400 டிகிரி வரை. அந்தச் சூட்டில் ஈயம் உருகுமே தவிர, ஆவியாகிப் பறக்காது. புகைவது ஃப்ளக்ஸ். பெரும்பாலும் அது பைன் மரத்துப் பிசினில் இருந்து எடுத்தது.

"மரப் பிசின்தானே!" என்று அலட்சியம் வேண்டாம். இந்தப் புகையைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒரு தடவை வந்துவிட்டால், பிறகு கொஞ்சம் புகை பட்டாலும் மூச்சு வாங்கும்.

இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. கடை லீவு நாட்களில் இருமல், இளைப்பு குறைகிறதா? வேலைக்குப் போனதும் திரும்ப ஆரம்பிக்கிறதா? அப்படியானால் சளி மாத்திரையில் காலம் கடத்தாதீர்கள். டாக்டரிடம் போகும்போது, "நான் சால்டரிங் வேலை செய்கிறேன்" என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நாம் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

தடுப்பது ரொம்பப் பெரிய செலவில்லை. புகைக்கு நேர் மேலே முகத்தை வைக்காதீர்கள். மேஜையை ஜன்னல் ஓரமாகப் போடுங்கள். புகையை முகத்திலிருந்து இழுத்து வெளியே தள்ளுகிற மாதிரி ஒரு சின்ன எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். சீலிங் ஃபேன் புகையை அறை முழுக்கப் பரப்பத்தான் உதவும். துணி மாஸ்க்கை நம்பி உட்காராதீர்கள்.

கை வழியாக வரும் ஈயம்

அப்படியானால் ஈயத்தால் ஆபத்தே இல்லையா? இருக்கிறது. அது போகும் வழி மூக்கு அல்ல, வாய்! கம்பியைத் தொட்ட விரலில் ஈயம் ஒட்டும். அதே விரலால் வடையை எடுத்தால் உள்ளே போகும். கம்பியைப் பல்லில் கடித்தால் கேட்கவே வேண்டாம்.

ஈயமில்லாத கம்பியும் இப்போது கிடைக்கிறது. ஆனாலும் ரிப்பேர் வேலையில் ஈயக் கம்பி இன்னும் புழங்குகிறது, பழைய போர்டுகளிலும் ஈயம் இருக்கிறது.

பெரியவர்களுக்கு அசதி, மலச்சிக்கல், வயிற்று வலி, எரிச்சல், ரத்தசோகை என்று மெதுவாக வரும். 'வேலைப் பளு' என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்வோம். குழந்தைகள் விஷயம் இன்னும் கவலைக்குரியது. அவர்கள் ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். படிப்பு, கவனம், மூளை வளர்ச்சி எல்லாவற்றையும் அது பாதிக்கும். கர்ப்பிணியின் உடம்பில் சேரும் ஈயம் வயிற்றுக் குழந்தைக்கும் போகும்.

அப்பா கடையிலிருந்து வந்ததும் பிள்ளை ஓடிவந்து காலைக் கட்டிக்கொள்கிறது. அப்பாவின் சட்டையில் என்ன ஒட்டியிருக்கிறது என்று அதற்குத் தெரியுமா?

எனவே, சாப்பிடும் முன்பும் கிளம்பும் முன்பும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். சானிடைசர் கிருமியைக் கொல்லும், ஈயத்தை எடுக்காது. கடைக்கென்று ஒரு சட்டை வைத்து, அதைத் தனியாகத் துவையுங்கள். மேஜையில் டீ, டிபன் வேண்டாம். மேஜையைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். வீட்டிலேயே வேலை செய்கிறவர்கள் சமையலறை, குழந்தை படுக்கும் அறை இரண்டையும் விட்டுவிடுங்கள்.

"பால் குடிச்சா ஈயம் முறிஞ்சிடும்" என்று சிலர் சொல்வதுண்டு. அப்படி முறியாது. ஆனால் வெறும் வயிற்றில் ஈயம் அதிகமாக உறிஞ்சப்படும். இரும்புச் சத்தும் கால்சியமும் போதிய அளவு இருந்தால் உறிஞ்சப்படுவது குறையும். முருங்கைக்கீரை, கேழ்வரகு, பால் என்று சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போங்கள். சந்தேகம் இருந்தால் ரத்தத்தில் ஈய அளவைப் பார்க்கும் பரிசோதனை இருக்கிறது. டாக்டரைக் கேளுங்கள்.

பிளக்கைப் பிடுங்கினால் போதுமா?

போதாது! நம் வீட்டு 230 வோல்ட் மின்சாரம், பவர் சப்ளை போர்டில் இருக்கும் பெரிய கண்டென்சரில் சுமார் 325 வோல்ட்டாகச் சேர்ந்து நிற்கும். பிளக்கை எடுத்த பிறகும் அது இறங்காமல் இருக்கலாம். ஸ்க்ரூடிரைவரால் 'டப்'பென்று ஷார்ட் செய்வது கண்ணுக்கும் ஆபத்து. ஹோல்டரில் மாட்டிய பழைய குண்டு பல்பின் இரண்டு ஒயர்களையும், உலோகத்தில் கை படாமல், கண்டென்சர் கால்களில் வைத்து இறக்குங்கள். பிறகு மல்டிமீட்டரில் பார்த்து உறுதி செய்யுங்கள்.

மைக்ரோவேவ் அடுப்பின் கண்டென்சரில் 2,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், உயிரையே எடுத்துவிடும். பழைய பிக்சர் டியூப் டி.வி.யிலும் இதே எச்சரிக்கை தேவை. முறையாகப் பழகாதவர்கள் இவற்றைத் திறக்கவே கூடாது.

சீரிஸ் லாம்ப் போட்டிருப்பதால் ஷாக் அடிக்காது என்று நினைப்பதும் தப்பு. அது போர்டைத்தான் காப்பாற்றும், உங்களை அல்ல. கடைக்கு 30 மில்லி ஆம்பியர் ஈ.எல்.சி.பி. அவசியம். ஆனால் கண்டென்சர் ஷாக்கை அதனாலும் தடுக்க முடியாது.

உப்பிய பேட்டரி

உப்பிய செல்போன் பேட்டரியைக் குத்தாதீர்கள், அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். தீப்பிடித்தால் வரும் புகை விஷம். கழற்றியதை மணல் நிரப்பிய டப்பாவில் தனியாக வையுங்கள். போர்டு துடைக்கும் தின்னர், பெட்ரோல், ஸ்பிரிட் எதுவும் சூடான அயர்ன் பக்கத்தில் இருக்கக் கூடாது.

விபத்து நடந்துவிட்டால்...

ஷாக் அடித்து ஒருவர் ஒட்டிக்கொண்டால் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் உலர்ந்த மரக்கட்டையால் விலக்குங்கள். மூச்சு இல்லையென்றால் 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, நெஞ்சின் நடுவில் இரண்டு கைகளையும் வைத்து நிமிஷத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். மயங்கி எழுந்தவருக்கும், படபடப்பு உள்ளவருக்கும், வெளியே காயம் தெரியாவிட்டாலும் ஈ.சி.ஜி. எடுத்தே ஆகவேண்டும்.

அயர்ன் சுட்டுவிட்டால் 20 நிமிஷம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பேஸ்ட், இங்க், ஐஸ் எதுவும் வேண்டாம்.

இன்று ராத்திரி கடையை மூடும்போது ஒன்றே ஒன்று செய்யுங்கள். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சட்டையை மாற்றிக்கொண்டு வீட்டுக்குப் போங்கள். அப்புறம் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சுங்கள்!