ஜாக்கியை எங்கே வைத்தார்?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு வண்டிகள். என்னுடையது ஒன்பது வருடமான வேகன் ஆர். மாமனாருடையது பழைய இன்னோவா. வேகன் ஆர் ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கும்போது முன்னால் இடது பக்கம் ‘டொக்’ என்கிறது. பேகம்பேட் மேம்பாலத்தின் இணைப்புகளில் வரிசையாகத் தட்டுகிறது. எங்கள் ஏரியா மெக்கானிக் இரண்டு வண்டிகளையும் ஒரே மாதிரி பாடிக்கு அடியில் ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார். வேகன் ஆரில் பால் ஜாயின்ட் போய்விட்டது, இரண்டு பக்கமும் லோயர் ஆர்ம் மாற்ற வேண்டும் என்றார். இன்னோவா ‘ஏக்தம் டைட்’ என்றார். தீபாவளிக்கு இன்னோவாவில் வேலூர் போகிறோம். வேகன் ஆர் வேலையை வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாமா? இதை நானே சோதித்துப் பார்க்க முடியுமா?
— ஒரு வாசகர், பேகம்பேட், ஹைதராபாத்

பதில்: நீங்கள் கேட்டது வேகன் ஆரைப் பற்றி. எனக்குக் கவலை இன்னோவாவைப் பற்றி. அதன் பால் ஜாயின்ட் நன்றாகவே இருக்கலாம். ஆனால் அந்தச் சோதனையை நம்பி ஊருக்குக் கிளம்ப மாட்டேன்.

பால் ஜாயின்ட் என்பது நம் இடுப்பு மூட்டு மாதிரி: கிண்ணத்துக்குள் ஒரு எஃகுக் குண்டு, சுற்றிக் கிரீஸ், அதை மூட ஒரு ரப்பர் பூட். சக்கரம் திரும்பவும் வேண்டும், பள்ளத்தில் ஏறி இறங்கவும் வேண்டும். இரண்டுக்கும் இடம் கொடுப்பது இந்தக் குண்டுதான். குண்டுக்கும் கிண்ணத்துக்கும் இடையில் தேய்மானம் வந்தால் ஆட்டம் வரும். ஆனால் வண்டியின் பாரமோ ஸ்பிரிங்கின் தள்ளலோ அந்த இடத்தை அழுத்திக்கொண்டிருந்தால் ஆட்டம் கைக்குத் தெரியாது. அதனால் சோதிக்கும்முன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று: இந்த வண்டியில் பாரம் எந்த வழியாகச் சக்கரத்துக்கு இறங்குகிறது?

உங்கள் வேகன் ஆரில் இருப்பது மெக்பெர்சன் ஸ்ட்ரட். ஏர்ல் மெக்பெர்சன் வடிவமைத்த இந்த முறை 1950-இல் இங்கிலாந்தில் வந்த ஃபோர்டு கான்சல் காரில் இருந்தது. இன்று நம் சாலையில் ஓடும் சின்னக் கார்களில் பெரும்பாலும் இதுதான். இதில் வண்டியின் பாரம் ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த அந்தத் தூணின் வழியாக நேரே, சக்கரத்தைப் பிடித்திருக்கும் நக்கிளுக்கு இறங்கிவிடும். கீழே இருக்கும் பால் ஜாயின்ட் நக்கிளின் அடியை இடம் மாறாமல் பிடித்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பாடியைத் தூக்கிச் சக்கரத்தைத் தொங்கவிட்டால் ஆட்டம் வெளியே வந்துவிடும். உங்கள் மெக்கானிக் செய்தது இந்த வண்டிக்குச் சரி.

இன்னோவா வேறு கணக்கு. முன்பக்கம் மேலே ஒரு ஆர்ம், கீழே ஒரு ஆர்ம். ஸ்பிரிங் கீழ் ஆர்மில் உட்கார்ந்திருக்கிறது. பாரம் கீழ் ஆர்முக்கு வந்து, அங்கிருந்து பால் ஜாயின்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. பாடியை மட்டும் தூக்கினால் ஸ்பிரிங் விரிந்து கீழ் ஆர்மை அதன் எல்லை வரை தள்ளி நிறுத்தும். அந்த இறுக்கத்தில் தேய்ந்த ஜாயின்ட்கூட ‘டைட்’ என்றே பேர் வாங்கிவிடலாம். ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், முடிந்தவரை சக்கரத்துக்கு அருகில் வைத்து, டயர் தரையைவிட்டு நாலு விரற்கடை எழும்புகிற அளவுக்குத் தூக்கச் சொல்லுங்கள். பிறகு டயருக்கு அடியில் ஒரு லீவரைக் கொடுத்து நெம்ப வேண்டும். ஆர்ம் அசையாமல் நக்கிள் மட்டும் மேலே எழுந்து இறங்கினால் ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. எவ்வளவு அசைவை அனுமதிக்கலாம் என்பது வண்டிக்கு வண்டி வேறு. அந்த மாடலின் சர்வீஸ் புத்தகம் சொல்வதே கணக்கு.

இதை ஏன் இவ்வளவு இழுக்கிறேன் என்றால், பாரம் தாங்கும் ஜாயின்ட் கழன்றால் சக்கரம் மடிந்து வண்டி அந்தப் பக்கம் சாய்ந்துவிடும். 2005-இல் டொயோட்டா அமெரிக்காவில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பிக்கப், எஸ்யூவி வண்டிகளைக் கீழ் பால் ஜாயின்ட்டுக்காகவே திரும்ப அழைத்தது. தயாரிப்பின்போது குண்டின் மேல் விழுந்திருக்கக்கூடிய கீறல்தான் காரணமாகச் சொல்லப்பட்டது. இன்னோவா அந்தப் பட்டியலில் இல்லை. ஒரு கீறல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி வேகன் ஆர். நீங்களே பார்க்கலாம், ஆனால் டிக்கியில் இருக்கும் ஜாக்கியை நம்பி அடியில் கை நீட்டாதீர்கள், ஸ்டாண்டு கட்டாயம். பின்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, முன்பக்கம் இரண்டு சக்கரங்களையும் சேர்த்துத் தூக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் தூக்கினால், இரண்டு பக்கத்தையும் இணைக்கும் ஸ்டெபிலைசர் பார் உள்ள வண்டியில் அது முறுக்கிக்கொண்டு ஜாயின்ட்டை இறுக்கிப் பிடிக்கும். மெக்கானிக்குகளே அவசரத்தில் விட்டுவிடும் இடம் இது.

சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உடனே பால் ஜாயின்ட் மேல் பழி போட வேண்டாம். வீட்டில் ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் அது வீல் பேரிங். நிற்கவில்லை என்றால், இன்னொருவர் ஆட்டும்போது டார்ச் அடித்து, ஆர்மும் நக்கிளும் சேரும் இடத்தைப் பாருங்கள். அசைவு அங்கேதான் தெரிய வேண்டும். ஸ்பிரிங்கின் உச்சியில் தெரிந்தால் ஸ்ட்ரட் மவுன்ட்; ஆர்மின் உள்முனையில் தெரிந்தால் புஷ். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது வரும் ஆட்டம் பெரும்பாலும் ஸ்டியரிங்கோடு இணைக்கும் டை ராட் எண்டைச் சேர்ந்தது. அதுவும் சாதாரண விஷயமில்லை: 2023 ஜூலையில் மாருதி 87,599 எஸ்-பிரஸ்ஸோ, ஈக்கோ வண்டிகளைத் திரும்ப அழைத்தது டை ராடுக்காகத்தான்.

ரப்பர் பூட்டையும் பாருங்கள். மழைக்காலத்தில் ரசூல்புரா பக்கம் நாலா பொங்கி ரோட்டில் நிற்கும் தண்ணீரில் வண்டி விட்டிருப்பீர்கள். பூட் கிழிந்திருந்தால் அந்தச் சேறு உள்ளே போய், கிரீஸை விரட்டிவிட்டு மணலை விட்டுச் செல்லும். கிழிந்த பூட் உள்ள ஜாயின்ட் இன்று ஆடாவிட்டாலும் மாற்ற வேண்டியதுதான்.

மேம்பாலத்தில் வரிசையாகத் தட்டுகிறது என்கிறீர்களே, அந்த மாதிரிச் சத்தம் பெரும்பாலும் ஸ்டெபிலைசர் லிங்க்கோ புஷ்ஷோ கொடுப்பது. விலை குறைந்த சாமான்கள். ஆகவே மேலே சொன்னபடி பார்த்து, அசைவு ஜாயின்ட்டில்தான் என்று உறுதியானால் மாற்றுங்கள். அப்போது ‘ஊரிலிருந்து வந்து பார்ப்போம்’ கிடையாது, வண்டியை வெளியே எடுக்கவே வேண்டாம். இரண்டு பக்கமும் மாற்ற வேண்டுமா என்றால், மறுபக்கம் ஆட்டமில்லாமல் பூட்டும் முழுசாக இருந்தால் நான் ஒன்றைத்தான் மாற்றுவேன்.

சாமான் வாங்க உங்களுக்கு ராணிகஞ்ச் பக்கம்தான். 1929-இல் சென்னையில் தொடங்கிய ரானே போன்ற பழைய பேர்களும் அங்கே கிடைக்கும், அதே மாதிரி டப்பாவில் டூப்ளிகேட்டும் கிடைக்கும். பார்ட் நம்பர் போட்ட பில் கேளுங்கள். பல சின்னக் கார்களில் பால் ஜாயின்ட் ஆர்மோடு சேர்ந்தே வரும். தனியாக அடித்துப் பொருத்தித் தருகிறேன் என்றால் வேண்டாம் என்றுவிடுங்கள். மாற்றிய பின் அலைன்மென்ட் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் பார்த்தால் காசு வீண்.

கழற்றிய பழைய ஆர்மைக் கேட்டு வாங்கி, அதன் ஜாயின்ட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டை விரலால் தள்ளிப் பாருங்கள். தொளதொளவென்று சாய்ந்தால் சரியான சாமானைத்தான் மாற்றியிருக்கிறார். விரலுக்கு மசியாமல் இறுக்கமாக நின்றால், அந்த ‘டொக்’ இன்னும் வண்டியிலேயே இருக்கிறது.