வைத்தியரிடம் மொழிபெயர்க்கும் பிள்ளைகளுக்கு

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஜோன் அபட் கல்லூரியில் ஆங்கிலம், வீதிப் பலகையில் பிரெஞ்சு, வீட்டில் தமிழ் என்று எங்கள் பிள்ளைகள் மூன்று மொழிகளில் புழங்குகின்றனர். அம்மம்மாவை வைத்தியரிடம் கூட்டிச் செல்லும்போது மொழிபெயர்ப்பாளரும் அவர்களே. அங்கேதான் ஆங்கிலத்தின் கூட்டு வினைகள் காலை வாரிவிடும்.

‘பாஸ் அவுட்’ என்றால் மயங்கி விழுவது. ‘பாஸ் அவே’ என்றால் இறைவனடி சேர்வது. ஒட்டிய சிறுசொல் மாறியதும் உயிரே போய்விடுகிறது! ‘கம் டவுன்’ என்றால் காய்ச்சல் இறங்கிவிட்டது. பின்னால் ஒரு ‘வித்’ சேர்ந்தாலோ காய்ச்சல் பிடித்துவிட்டது. ‘த்ரோ அப்’ சத்தி எடுப்பது. மேலே எதையும் எறிவதல்ல.

தமிழில் இந்தச் சிறுசொல்லின் வேலையைப் பல இடங்களில் துணைவினை செய்கிறது. ‘ஃபினிஷ் அப்’ முடித்துவிடு, ‘ரைட் டவுன்’ எழுதிவை, ‘லுக் ஆஃப்டர்’ பார்த்துக்கொள். எல்லாவற்றுக்கும் அது போதாது. சத்திரசிகிச்சையைப் ‘புட் ஓஃப்’ செய்தால் தள்ளிவைத்தார்கள். ‘கோல் ஓஃப்’ செய்தால் இனி இல்லையென்று நிறுத்திவிட்டார்கள். வீட்டார் இரண்டையும் மாற்றி விளங்கிக்கொண்டால் என்னவாகும்? பிரெஞ்சில் இவை ‘ரப்போர்தே’, ‘அன்யுலே’ என்று தனித்தனிச் சொற்கள். ஆகவே பிரெஞ்சுப் பள்ளியில் படித்த பிள்ளை முதலில் பிரெஞ்சுச் சொல்லை நினைத்துவிட்டுத் தமிழுக்கு வருவது நல்லது என்பது எங்கள் எண்ணம்.

பெற்றோர் பிழையைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். சிரித்தால் அடுத்தமுறை பதில் ஆங்கிலத்திலேயே வரும்.

வீட்டில் செய்ய: ‘கெட் அப்’, ‘கிவ் அப்’, ‘டர்ன் அப்’ மூன்றையும் தமிழில் சொல்லிப் பாருங்கள். ஒன்றிலாவது ‘மேலே’ என்ற சொல் வரக்கூடாது.