மாநாட்டுக்குச் செல்லும் முஸாபிர் அறிய வேண்டியவை



பயணத்தில் தொழுகையைச் சுருக்கித் தொழுவது அல்லாஹுத் தஆலா தன் அடியார்களுக்கு அளித்த சலுகையாகும். அந்நிஸா அத்தியாயத்தின் 101 ஆவது வசனம் இதற்கு ஆதாரம். ஆனால் அந்தச் சலுகை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை அறியாமல், முழுமையாகத் தொழ வேண்டிய இடத்தில் சுருக்கித் தொழுதால் பர்ளு நம் மீது அப்படியே நிற்கும்.

உலக இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு 1973 இல் திருச்சியில் முதன்முதலாகக் கூடியது. பின்னர் 1979 இல் கொழும்பிலும், 2014 இல் கோலாலம்பூரிலும் நடைபெற்றது. இத்தகைய மாநாடுகளுக்குச் செல்வோர் பாஸ்போர்ட், விசா, டிக்கெட் எல்லாம் சரி பார்க்கிறார்கள். தொழுகைக்கான ஏற்பாட்டையும் அவ்வாறே முன்கூட்டிச் செய்துகொள்ள வேண்டும். கோலாலம்பூர் பயணத்தையே உதாரணமாக வைத்து இங்கே விளக்குவோம்.

பயணம் எங்கே தொடங்குகிறது?

வீட்டு வாசலைத் தாண்டியதும் ஒருவர் முஸாபிர் ஆகிவிடுவதில்லை. தம் ஊரின் கட்டிடங்களைக் கடந்த பிறகே ஆவார். டோல்கேட்டில் மெட்ரோ ரயில் ஏறுபவர் வண்டி மாறாமலே விமான நிலையம் போய் இறங்கலாம். தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை, சென்ட்ரல், சைதாப்பேட்டை, கிண்டி, மீனம்பாக்கம் என்று வழி நெடுகக் கட்டிடங்கள் அறுபடாமல் தொடர்கின்றன. ஆகவே விமான நிலையத்தில் காத்திருக்கும்போதும் அவர் ஊரிலேயே இருக்கிறார். அங்கே ளுஹரையும் அஸரையும் இஷாவையும் நான்கு ரக்அத்தாகவே தொழுவது பேணுதலான வழி. திரும்பி வரும்போதும் விமானம் சென்னையில் இறங்கியதும் சலுகை முடிந்துவிடும்.

1985 இல் தீ விபத்துக்குள்ளாகும் வரை "சிதம்பரம்" கப்பலில் நம் பெரியவர்கள் சென்னைத் துறைமுகத்திலிருந்து மலேசியா சென்று வந்தார்கள். கப்பல் கரையை விட்டதும் ஊர் கண்ணெதிரே பின்னால் போயிற்று. எல்லையை அறிவது அவர்களுக்கு எளிது. நமக்கோ விமானம் மேலெழும்பும் வரை ஊர் விடுவதில்லை.

கடிகாரத்தை நம்பலாமா?

மலேசிய நேரம் நம் நேரத்தை விட இரண்டரை மணி முந்தியது. பயணம் ஏறக்குறைய நான்கு மணி நேரம். பிற்பகல் 3 மணிக்கு விமானம் புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். "ஆறு மணிக்குத்தானே மஃரிப், அஸருக்கு இன்னும் நேரம் இருக்கிறது" என்று நம் கைக்கடிகாரத்தைப் பார்த்து இருந்துவிட்டால் அஸர் களாவாகிவிடும். விமானம் கிழக்கு நோக்கிப் பறப்பதால், சென்னையில் சூரியன் மறைவதற்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே விமானத்தில் மஃரிப் வந்துவிடும். எனவே ளுஹரை விமான நிலையத்தில் முழுமையாகத் தொழுதுவிட்டு, அஸரை விமானத்தில் வக்து வந்தவுடன் இரண்டு ரக்அத்தாகத் தொழ வேண்டும்.

மஃரிபின் வக்தும் வானத்திலேயே கழிந்துவிடும். ஹனபி மத்ஹபில் பயணத்திற்காக இரு தொழுகைகளைச் சேர்த்துத் தொழுவதற்கு இடமில்லை. ஆகவே ஹனபிகள் மஃரிபை விமானத்திலேயே தொழ வேண்டும். சென்ற இடத்தில் நான்கு நாட்களுக்குக் குறைவாகத் தங்கவிருக்கும் ஷாபிஈகள், மஃரிபின் வக்து முடியுமுன் பிற்படுத்துவதாக நிய்யத் செய்துகொண்டு, இறங்கியபின் இஷாவுடன் சேர்த்துத் தொழலாம். மஃரிபும் ஸுப்ஹும் ஒருபோதும் சுருங்குவதில்லை.

நள்ளிரவு விமானத்தில் செல்பவர் மஃரிபையும் இஷாவையும் இங்கேயே முழுமையாக முடித்துக்கொள்ள வேண்டும். அந்த விமானம் அங்கே காலை ஆறரை மணியளவில் இறங்கும். அங்கே சூரியன் ஏழு மணியை ஒட்டி உதிக்கிறது. குடிநுழைவு வரிசையில் போய் நின்றால் ஸுப்ஹு தவறிவிடும். முதலில் தொழுகை, பிறகு வரிசை.

விமானத்தில் ஊழியரிடம் கேட்டு, இடம் கிடைக்குமானால் கிப்லாவை நோக்கி நின்றே தொழவும். நிற்கவும் கிப்லாவை நோக்கவும் இயலாமல் போனால், வக்துக்காக இயன்றவாறு தொழுதுவிட்டு, இறங்கியபின் மீட்டித் தொழவும்.

ஒளுவும் கிப்லாவும்

வீட்டில் முழுமையாக ஒளுச் செய்து தோலினாலான காலுறையை அணிந்துகொண்டால், முஸாபிர் மூன்று நாள் வரை அதன்மீது மஸ்ஹுச் செய்யலாம். விமானக் கழிப்பறையில் கால் கழுவும் சிரமம் இராது. காலிப் பாட்டில் ஒன்றை எடுத்துச் சென்று, பாதுகாப்புச் சோதனைக்குப் பின் தண்ணீர் பிடித்துக்கொள்ளவும்.

சென்னையில் கிப்லா நேர் மேற்கிலிருந்து சுமார் 18 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. கோலாலம்பூரில் சுமார் 22 பாகை, கொழும்பில் சுமார் 25 பாகை.

எத்தனை நாள் தங்குகிறோம்?

வியாழன் இரவு சென்று, வெள்ளி, சனி, ஞாயிறு மாநாட்டில் கலந்துகொண்டு, திங்களன்று திரும்புபவர் இரு மத்ஹபுகளின்படியும் முஸாபிரே. மாநாடு முடிந்து உறவினர் வீட்டில் மேலும் ஒரு வாரம் தங்க எண்ணியிருந்தால் நிலை மாறும். போகும் நாளையும் வரும் நாளையும் நீக்கி நான்கு நாள் தங்க நிய்யத் வைத்த ஷாபிஈ, போய்ச் சேர்ந்தது முதலே முழுமையாகத் தொழ வேண்டும். ஜும்ஆவும் அவர்மீது கடமை. ஹனபிக்கோ பதினைந்து நாள் தங்க நிய்யத் இருந்தால்தான் அவ்வாறாகும். அதுவரை சுருக்கித் தொழுவது அவருக்கு வாஜிப். ஆகவே ஒரே அறையில் தங்கியிருக்கும் இருவரில் ஒருவர் நான்கும் மற்றவர் இரண்டும் தொழலாம். இருவரும் சரியே. இதற்காக மாநாட்டுப் பந்தலில் வாக்குவாதம் வேண்டாம்.

உள்ளூர் இமாமைப் பின்பற்றும் முஸாபிர் அவருடன் நான்கையும் நிறைவேற்ற வேண்டும். முஸாபிருக்கு ஜும்ஆ கடமையில்லை எனினும், கலந்துகொண்டால் ளுஹர் நிறைவேறிவிடும். கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியாவில் தமிழில் குத்பா கேட்கும் வாய்ப்பை விடலாமா?

பிறர் பொருளைச் சுமக்காதீர்

மண்ணடிப் பக்கம் "குருவி" என்ற சொல்லை அறியாதவர் இல்லை. மாநாட்டுக்குப் போகிறவர் என்றதும், "என் தம்பிக்கு ஒரு சிறு பார்சல்" என்று கொண்டுவந்து நீட்டுவார்கள். தைத்து மூடிய பொட்டலத்தை வாங்காதீர்கள். "பெட்டியை நீங்களே அடுக்கினீர்களா?" என்று அதிகாரி கேட்கும்போது, ஆம் என்றால் அது பொய். உள்ளே இருப்பதை அறியாமல் அமானிதம் ஏற்பதும் தகாது. போதைப் பொருள் கடத்துவோருக்கு மலேசியச் சட்டம் மரண தண்டனை வரை விதிக்கிறது. தெரியாமல் சுமந்தவர் தம் நிரபராதித்தனத்தை நிரூபிப்பதற்குள் குடும்பம் இங்கே கண்ணீர் வடிக்கும். முகம் கோணினாலும் பரவாயில்லை, மறுத்துவிடுங்கள்.

புறப்படுமுன்

கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வீட்டாரிடம் கொடுங்கள். திரும்பும் வரை குடும்பச் செலவுக்கு வழி செய்யுங்கள். பெண்மணிகள் கணவருடனோ மஹ்ரமுடனோ செல்லட்டும். மூவர் சேர்ந்து போனால் ஒருவரை அமீராக்கிக் கொள்ளவும், காரியம் முடிந்ததும் தாமதியாமல் வீடு திரும்பவும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். ஐயமுள்ள இடங்களில் உங்கள் மஹல்லா இமாமிடம் பயணத் தேதியையும் விமான நேரத்தையும் காட்டிக் கேட்டுத் தெளிவு பெறுங்கள்.

மாநாட்டு மேடையில் நாம் பேசும் பேச்சு சில நாளில் மறந்துபோகும். வழியில் தவறாமல் தொழுத தொழுகை ஏட்டில் நிற்கும். வல்ல நாயன் நம் பயணங்களைச் சலாமத்தாக ஆக்கி அருள்வானாக! ஆமீன்.