கரிசல் மண்ணில் வீடும் கடைக்காலும்

கோவில்பட்டி, சாத்தூர்ப் பக்கத்துக் கரிசல் பருத்திக்கு உகந்த மண். வீட்டைத் தாங்குவதில் மட்டும் அது நம்பத்தக்கதன்று. மழையில் நீரை உறிஞ்சி உப்புகின்றது. கோடையில் சுருங்கி வெடிக்கின்றது. உழவர்க்கு இது புதிய செய்தியன்று. எனினும், வயலில் காணும் வெடிப்பே வீட்டுச் சுவரிலும் ஏறுகின்றது என்பதைப் பலர் எண்ணுவதில்லை. கிராமங்களைச் சுற்றி வருகையில் நாம் காண்பது யாதெனில், பிளவு தோன்றியவுடன் கொத்தனாரை அழைத்துச் சிமெண்டுப் பூச்சுப் பூசி, வெள்ளையும் அடித்துவிடுகின்றனர். மறு கோடையில் பிளவு மீண்டும் திறக்கின்றது.

எல்லாப் பிளவும் அஞ்சத்தக்கதன்று. பூச்சின்மேல் மயிரிழைபோல் ஓடுபவை பூச்சு உலர்ந்ததால் வந்தவை. கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக ஏறும் பிளவும், செங்கல் இணைப்பு வழியே படிபோல் செல்லும் பிளவும் கடைக்கால் அசைந்ததற்கு அடையாளங்கள். நேற்றுவரை எளிதாகச் சாத்திய கதவு நிலையில் இடிப்பதும் அவ்வாறே. ஐயமிருப்பின், பிளவின் நுனியில் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி வைக்கலாம். குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை இரு முனையிலும் சிமெண்டு வைத்துப் பதித்தால், சுவர் மேலும் அசையும்போது அது உடைந்து காட்டும். ஒரு கோடையும் ஓர் ஐப்பசி மழையும் கழியும்வரை கவனித்தல் நன்று. ஆனால் சுவர் சாய்ந்தாலோ, பிளவில் விரல் நுழைந்தாலோ காத்திருத்தல் தகாது. அது பள்ளிக் கட்டடமாயின், அன்றே குழந்தைகளை வேறிடத்தில் அமர்த்தி, ஒன்றியப் பொறியாளருக்குத் தெரிவிப்பது பஞ்சாயத்தாரின் கடமை.

பிளவை அடைக்குமுன் நீரின் வழியைத் தேடுதல் வேண்டும். தெருக்குழாயின் கழிவுநீர் வீட்டின் ஒரு மூலையில் தேங்கினால், அம்மூலை மட்டும் உப்பி எழும். சுவர் பிளக்காமல் என் செய்யும்? சுவரை ஒட்டி நட்ட வேம்பு கோடையில் அடிமண்ணின் ஈரத்தை இழுத்துவிடும். அதற்காக முதிர்ந்த மரத்தைத் திடீரென வெட்டுதலும் தீதே. உலர்ந்திருந்த மண் ஈரம் பெற்று உப்பக்கூடும். வீட்டைச் சுற்றி ஐந்தடி அகலத்துக்கு, வெளிப்புறம் சரிவாகத் தளமிட்டு, நீர் வடிய வாய்க்காலும் அமைத்தால் பாதித் தொல்லை தீரும்.

கான்கிரீட் தரை அமிழ்ந்திருப்பின், அதன்மேல் இன்னொரு தளம் போடுவோர் உளர். பாரம் கூடுமேயன்றிப் பள்ளம் நிற்காது. தரையைப் பெயர்த்து, அடியில் நிரப்பிய கரிசலை அகற்றி, சரளையை அரையடி கனத்துக்கு ஒரு வரிசையாகப் பரப்பி நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்த பின்னரே அடுத்த வரிசை போடல் வேண்டும். புதுக் கான்கிரீட்டை ஏழு நாளேனும் ஈரமாக வைத்தல் அவசியம்.

புதிதாகக் கட்டுவோர்க்கு ஒரு வழி உண்டு. ரூர்க்கியில் 1947-இல் தோன்றிய மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம், அடியில் குமிழ்போல் அகன்ற கான்கிரீட் தூண்களைக் கரிசலுக்கென வகுத்துத் தந்துள்ளது. பருவத்துக்குப் பருவம் ஈரம் அதிகம் மாறாத, ஏறக்குறைய 3.5 மீட்டர் ஆழத்தில் தூணின் அடி ஊன்றும். தூண்களின் தலையில் ஓடும் விட்டத்தின்மேல் சுவர் எழும். அவ்விட்டத்துக்கும் தரைமண்ணுக்கும் இடையே 8 செ.மீ. இடைவெளி விடும்படி கொத்தனாரிடம் கூறல் வேண்டும். இன்றேல் மழைக்காலத்தில் உப்பும் மண் விட்டத்தையே மேலே தள்ளும்.