அக்கரைக் கப்பல் துறை

கேள்வி: செம்பவாங் ‘நேவல் பேஸில்’ வேலை பார்த்த என் தாத்தா, கப்பலைத் தண்ணீர் வற்றிய குளத்தில் நிறுத்துவோம் என்பார். அது மெய்தானா? (வாசகர், ஜொகூர் பாரு)

பதில்: அட்சரம் பிசகாத மெய். ஜொகூர் நீரிணைக்கு அக்கரையில், சிங்கப்பூரிலிருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில், 1938 பிப்ரவரி 14-இல் திறக்கப்பட்டு ஆறாம் ஜார்ஜ் மன்னரின் நாமம் சூட்டப்பெற்ற, ஆயிரம் அடி நீளமுள்ள பிரம்மாண்டமான உலர்துறையே அந்தக் குளம். யுத்தக் கப்பல் உள்ளே புகுந்ததும் வாயிலை அடைத்து, நீர் முழுவதையும் இறைத்து, கட்டைகளின்மேல் அதனை அமரச் செய்தபின், அடிவயிற்றில் அப்பிய கொட்டலசுகளைச் சுரண்டி வர்ணம் பூசுவார்கள்; அத்தகைய கடும் உழைப்பில் தமிழரும் மலையாளிகளும் அநேகர். 1968-இல் பிரிட்டிஷார் அத்துறையைச் சிங்கப்பூர் அரசிடம் ஒப்படைத்தது முதல், அங்கே வர்த்தகக் கப்பல்கள் பழுதுபார்க்கப்படலாயின. தாத்தாவின் வேலை அட்டை வீட்டில் இருக்குமாயின், அதில் அவர் எந்தப் பிரிவினர் என்று பாருங்கள்.