சொன்னதை நம்பும் ரவுட்டர்கள்

இணையப் போக்குவரத்து முழுவதையும் எங்கோ ஒரு கட்டுப்பாட்டு அறை வரைபடம் விரித்துக் கவனிக்கிறது என்பது பலருடைய நம்பிக்கை. அப்படி ஓர் அறையே கிடையாது. இருப்பது அக்கம்பக்கத்துப் பேச்சுதான். தகவலுக்கு வழிகாட்டி அனுப்பும் கருவியான ஒவ்வொரு ரவுட்டரும் தனக்குத் தெரிந்த வழிகளைப் பக்கத்து ரவுட்டரிடம் சொல்லும். அது தன் பக்கத்தில் இருப்பதிடம் சொல்லும்.

ஒரு வழி அறுந்தால் மறுநொடியே எல்லாருக்கும் தெரிந்துவிடுமா? பழைய ‘ரிப்’ முறையில் 30 விநாடிக்கு ஒருமுறை ரவுட்டர்கள் தங்கள் பட்டியலை ஒப்பிக்கும். ‘ஆ’ என்ற ரவுட்டர், தன்னோடு ஒட்டியிருந்த ஓர் அலுவலக நெட்வொர்க்கை இழக்கிறது. அதை வாய்விட்டுச் சொல்வதற்குள் ‘அ’ முந்திக்கொள்கிறது: “அங்கே போக என்னிடம் 2 தாவலில் வழி இருக்கே!” (ஒரு ரவுட்டரைக் கடந்தால் ஒரு தாவல்.) அது ‘ஆ’ சொல்லிக்கொடுத்த வழியேதான். அது புரியாத ‘ஆ’, 3 என்று குறித்துக்கொள்கிறது. அதைக் கேட்டு ‘அ’ 4 என்கிறது. பிறகு 5, 6... எண்ணிக்கை 16ஐத் தொட்டால்தான் ‘வழியில்லை’ என்று பொருள். அதுவரை சில நிமிடங்களுக்குத் தகவல் பொட்டலங்கள் இரண்டுக்கும் நடுவே பந்தாடப்படும். யாரிடம் கேட்டாயோ அவரிடமே அதைத் திருப்பிச் சொல்லாதே என்ற விதி இதற்காகவே வந்தது.

எப்போதும் மிகக் குறுகிய வழியே தேர்வாகும் என்பதும் பாதி உண்மைதான். நிறுவனங்களுக்கிடையே வழி பேசும் பிஜிபியில் தூரத்தை விடக் காசு பெரிது: பணம் தரும் வாடிக்கையாளர் வழியாகப் போவதையே பெரும்பாலான நிறுவனங்கள் விரும்பும்.

கேட்ட சேதியை ரவுட்டர் சரிபார்க்கும் என்ற நம்பிக்கை 2008 பிப்ரவரி 24 அன்று உடைந்தது. அரசு உத்தரவுப்படி யூடியூபைத் தன் நாட்டுக்குள் முடக்க முயன்ற பாகிஸ்தான் டெலிகாம், யூடியூபின் 256 முகவரிகளுக்குத் தானே வழி என்று அறிவித்தது. அந்த அறிவிப்பை ஹாங்காங்கின் பிசிசிடபிள்யூ நிறுவனம் உலகுக்கே கடத்திவிட்டது. யூடியூபின் சொந்த அறிவிப்பு 1024 முகவரிகளுக்கானது. பிஜிபி உலகில் சின்ன வட்டத்தைக் குறிப்பிடும் அறிவிப்புக்கே முன்னுரிமை. அதனால் யூடியூபுக்குப் போக வேண்டிய போக்குவரத்து பாகிஸ்தான் பக்கம் திரும்பியது. நிலைமை சீராக ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆனது. யூடியூப் கொடுத்த பதிலடி சுவையானது: அதே 256ஐ 128, 128 என இரண்டாக வெட்டி அறிவித்தது.

முகவரியை அறிவிக்கும் உரிமை யாருக்கு என்பதை டிஜிட்டல் கையொப்பத்தால் சோதிக்கும் ஆர்பிகேஐ இப்போது இருக்கிறது. ஆனால் அது பார்ப்பது வீட்டுக்காரர் யார் என்பதை மட்டுமே. நடுவில் வரும் தெருக்களைப் பற்றிப் பொய் சொன்னால் அதற்குத் தெரியாது.